கேள்வியை விழுங்கிப் படித்த புத்தகம்

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் நலம், உங்கம்மா நலம், என் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, ஒழுங்காகத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், தூக்க விஷயத்தில் அவ்வளவாக நம்பவில்லை. நீ அனுப்பிய புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. இதைப் போனிலேயே சொல்லலாமே, காகிதமும் பேனாவுமாக எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் எனக்குச் சாப்பிட்டியா, அங்க மழையா, சரி வெச்சிடட்டுமா என்பதைத் தாண்டி வாய் வராது என்று உனக்கே தெரியும். இப்போது சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், அதுவும் உங்கம்மா சம்பந்தப்பட்டது, அதனால் சர்வீஸ் சென்டரில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பின்புறம் பிரித்துப் போட்ட ஒரு வாஷிங் மெஷினின் மூடி மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடினால் மூடியைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் புத்தகம். அட்டையில் அந்தப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தாடையில் கை வைத்திருக்கிறார், சினிமாப் படம் எடுப்பதிலேயே ஆயுசைக் கழித்த மனுஷன், தன்னைப் படம் எடுக்கும்போது தூங்கிவிட்டார் போல. பின்பக்கம் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு உன் முகம், கண்ணுக்குக் கீழே கறுப்பு, தூக்கத்தைப் பற்றி நான் மேலே எழுதியதற்கு அதுதான் ஆதாரம். இத்தனை மாசம் சாயங்காலம் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொன்னபோது, பாவம் தனியாக இருக்கும் பெரியவருக்குத் துணைக்குப் போகிறாய் என்று நினைத்தேன். அதைப் புத்தகமாகப் போடுவார்கள், உன் பெயரையும் போடுவார்கள் என்று கனவா கண்டேன். பெயரைத் தடவிப் பார்த்தேன், மை ஒட்டவில்லை, நிஜம்தான். தடவிக்கொண்டிருக்கும்போதே உங்கம்மா வரும் சத்தம் கேட்டது, சட்டென்று நாற்காலிக் குஷனுக்கு அடியில் வைத்து மேலே உட்கார்ந்துவிட்டேன். மகள் எழுதிய புத்தகத்தின் மேல் உட்கார்ந்த முதல் அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

ஏன் ஒளித்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்துக் கதையையும் ஒருமுறை கேள். போன தடவை நீ வந்தபோது அந்தக் கையடக்கக் காமிராவை வைத்து வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தாய், நாங்களும் பிள்ளை ஏதோ பழகுகிறது என்று விட்டுவிட்டோம். ஊரில் இருக்கிற வாஷிங் மெஷின் எல்லாம் நான் கை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும், நம் வீட்டு மெஷின் மட்டும் துணி பிழியும்போது கிடுகிடுவென்று ஆடிக்கொண்டு கதவுப்பக்கம் நடந்து வந்துவிடும், அதைத் தடுக்க உங்கம்மா அதன் மேல் ஏறி உட்காருவாள். வருஷக்கணக்காக நடப்பதால் எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. நீ கதவிடுக்கில் நின்று அதை எடுத்தாய். அடுத்த நாள் உன் சிநேகிதர்களும் சித்தியும் கூடியிருக்க டிவியில் போட்டாய். உங்கம்மா மெஷின் மேல் உட்கார்ந்து, உடம்பு ஆட, கன்னம் ஆட, வார்த்தையும் ஆட ஆட என்னைத் திட்டுகிறாள், பின்னாலிருந்து என் குரல் மட்டும், இன்னும் ரெண்டே நிமிஷம் பிடிச்சுக்கோ என்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம், உங்கம்மாவும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நீ ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் உன் சித்தி போன் போட்டு, என்ன டிரைவரம்மா வண்டி கிளம்பியாச்சா என்றாள். அது எப்படியோ மாடி வீட்டுக்குப் போய், அங்கிருந்து மருந்துக் கடைக்குப் போய், மாத்திரை வாங்கப் போன இடத்தில் கடைக்காரரே வாங்க டிரைவரம்மா என்றிருக்கிறார். உங்கம்மா மாத்திரை வாங்காமலே திரும்பி வந்தாள். அன்றிலிருந்துதான் நீ போன் செய்தால், காமிரா ஓடுதான்னு கேளுங்க, ஓடலைன்னா நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க, ஓடுச்சுன்னா அதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அம்மா குளிக்கறா, அம்மா கடைக்குப் போயிருக்கா என்று நான் சொன்னதெல்லாம் நீ நம்பியிருக்க மாட்டாய், ஒரு மனுஷி அவ்வளவு தரம் குளித்தால் கரைந்தே போயிருப்பாள்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். பழைய செய்தித்தாளில் அதற்கு அட்டை போட்டேன், நீ பள்ளிக்கூடம் போனபோது போட்டுக் கொடுத்த மாதிரியே மூலை மடித்து. உங்கம்மா என்ன புத்தகம் என்றாள், முதலாளி படிக்கக் குடுத்தார் என்றேன். உங்க முதலாளி பில்லைத் தவிர எதையும் படிச்சதில்லையே என்றாள். இப்போதான் ஆரம்பிச்சிருக்கார் என்றேன். அதில் தப்பித்தேன் என்று நினைத்தால் அடுத்த கண்டம். எனக்கு மனசுக்குள் படிக்க வராது, உதடு அசைந்து சத்தம் வெளியே வந்தால்தான் அர்த்தம் உள்ளே போகும், வாத்தியார் எவ்வளவோ அடித்துப் பார்த்தும் மாறாத பழக்கம். வாய்விட்டுப் படித்தால் கேள்வியெல்லாம் நீ கேட்டது, உன் பேச்சு வாடை அப்படியே அடிக்கிறது. அதற்கு நான் ஒரு வழி செய்தேன், இதைவிடப் புத்திசாலித்தனமாக இந்த உலகத்தில் எவனும் யோசித்திருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். சாய்வெழுத்தில் இருந்த கேள்வியை எல்லாம் விழுங்கிவிட்டு, நேரெழுத்தில் இருந்த பதிலை மட்டும் உரக்கப் படித்தேன். ஒருவர் பாட்டுக்கு யாரும் கேட்காமலே தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது, நம் வீட்டுக்கு வரும் உன் பெரிய மாமா அப்படித்தானே பேசுவார், அதனால் சந்தேகம் வராது என்று ஒரு தைரியம்.

உங்கம்மா முதல் நாள் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் மெதுவாகக் கழுவினாள். அடுத்த நாள் வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வாசற்படி ஓரம் வந்து நின்றாள். மழைக்காட்சி எடுக்கும்போது தீயணைப்பு வண்டியில் தண்ணீர் தீர்ந்துபோய், மழையில் அழ வேண்டிய கதாநாயகி மழை நின்றதும்தான் நிஜமாக அழுதாள், அதுதான் என் படத்திலேயே நல்ல காட்சி என்று பெரியவர் சொல்கிறார் அல்லவா, அந்த இடத்தில் உங்கம்மா, நனைஞ்ச பொண்ணுக்குத் துவட்டிக்கத் துண்டு குடுத்தாராமா என்றாள். நான் அடுத்த பக்கத்தையும் பார்த்தேன், துண்டைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லையே என்றேன். அதான் அழுதிருக்கா என்றாள். ஒரே ஷாட்டுக்காக ஒரு நடிகனை மாடிப்படியில் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வைத்த கதைக்கு, அவன் முட்டி என்னாச்சுன்னு கிழவர் கேட்டாரா என்றாள். எனக்கு வலிக்கிற முட்டியைப் பற்றி அவள் இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை. மூன்றாம் நாள் எனக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேவிட்டாள். அப்புறம் நான் வேலை முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட, இன்னைக்குக் கிழவர் வரலையா என்று எழுப்ப ஆரம்பித்தாள்.

எனக்கும் அவர் பேச்சு பிடித்துத்தான் போனது, பொய் சொல்வானேன். ஓடாத படத்தைப் பார்க்க அவரே தியேட்டருக்குப் போக, உள்ளே அவரும் டிக்கெட் கிழிக்கிறவரும் மட்டும் இருக்க, அந்த டிக்கெட் கிழிக்கிறவரும் தூங்கிவிட்டார் என்று சொல்கிறாரே, அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இப்போது ஒரு கண் சரியாகத் தெரியவில்லை, நடித்தவர்கள் பேரெல்லாம் மறந்துபோச்சு, ஆனால் எந்தப் படத்தில் எந்தக் கதவுக்கு என்ன வண்ணம் அடித்தோம் என்று மட்டும் ஞாபகம் இருக்கு என்று அவர் சொன்ன இடத்தில் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். முழுசாக எடுத்து முடித்த பிறகுதான் அந்தப் படம் எதைப் பற்றியது என்று எனக்கே தெரியும் என்கிறாரே, நானும் அப்படித்தான், மெஷினை முழுசாகப் பிரித்துப் போட்ட பிறகுதான் அதற்கு என்ன கோளாறு என்று எனக்கே தெரியும். அதை அவர் சொன்னால் கலை, நான் சொன்னால் வாடிக்கையாளர் முதலாளிக்குப் போன் போடுகிறார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வண்டி போன வாரம் அந்தப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். நான் வழக்கம்போல் கேள்வியை விழுங்கிவிட்டு உரக்கப் படித்தேன், கேட்கவில்லை என்று ஆரம்பித்து, நீ உங்கம்மாவைக் கேட்டாயா என்பது வரை. கேள்வியை விழுங்கலாம், பதிலுக்குள்ளேயே கேள்வி ஒளிந்திருந்தால் நான் என்ன செய்வேன். உங்கம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, யாரைக் கேட்கறார் என்றாள். பொதுவாக் கேட்கறார் என்றேன். எங்கம்மாவையா, உங்கம்மாவையா என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தேன். அப்போது உங்கம்மா குரல் உயராமல், கேள்வியையும் சேர்த்துப் படிங்க, என் பொண்ணு கேட்டது எனக்கும் காதுல விழட்டும் என்றாள். உனக்கு எப்போ தெரியும் என்றேன். முதல் நாளே தெரியும், அந்தக் கிழவர் பதிலுக்குப் பதில் மூச்சு வாங்கறார், மனுஷனை அப்படி விடாம நோண்டறதுக்கு இந்த வம்சத்துல அவ ஒருத்தியாலதான் முடியும், போதாததுக்கு நீங்க ஒவ்வொரு பதிலுக்கு நடுவுலயும் எச்சில் முழுங்கறது அடுப்படி வரைக்கும் கேட்குது என்றாள். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமும் இப்படிப் போனது.

அப்புறம் படித்தேன், கேள்வியோடு. உங்க மனைவி தூங்கறதைப் படத்துல வெச்சிருக்கீங்களே, அவங்களைக் கேட்டீங்களா என்று நீ. கேட்கவில்லை, அதற்குப் பிறகு அவள் விளக்கை அணைக்காமல் என் முன்னால் கண் மூடியதே இல்லை, நீ உங்கம்மாவைக் கேட்டாயா என்று அவர். கேட்கலை, துணி துவைக்கறப்ப எடுத்தேன், எல்லாரும் சிரிச்சாங்க, அம்மாவும் சிரிச்சாங்க, அதுக்கப்புறம் போன்ல வர்றதில்லை என்று நீ. நல்ல ஷாட்டா என்று அவர். ரொம்ப நல்ல ஷாட் என்று நீ. அதுதான் கஷ்டம் என்று அவர். அதோடு அந்தப் பக்கம் முடிகிறது, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. நான் தலையைத் தூக்கவே இல்லை. உங்கம்மா, அந்த வரியைத் திரும்பப் படிங்க என்றாள். எந்த வரி என்றேன். நல்ல ஷாட்டுன்னு சொல்லியிருக்காளே அந்த வரி என்றாள். படித்தேன். ரொம்பங்கறதை விட்டுட்டீங்க, ரொம்ப நல்லன்னுதானே போட்டிருக்கு என்றாள். சேர்த்துப் படித்தேன். வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள், கண்ணில் தண்ணீர் இருந்தது, வெங்காயத்தின் மேல் பழி போட அவளுக்கும் வசதியாக இருந்தது, எனக்கும் வசதியாக இருந்தது. அடுப்படியிலிருந்து, நனைஞ்ச பொண்ணுக்குத் துண்டு குடுக்காத ஆளுகிட்டப் போய் வேலை கத்துக்கறா பாருங்க என்று மட்டும் கேட்டது. இன்னொன்றும் சொன்னாள், அது எனக்கான அடி. ஊரான் வீட்டுல மெஷின் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி, உள்ள அவங்க துணி இருக்கும்னு திறக்கலாமாம்மான்னு கேட்டுட்டுத்தானே திறக்கறீங்க, அதை ஒரு நாளாவது உங்க பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா என்றாள். சொல்லிக் கொடுக்கவில்லை, அது தொழில் பழக்கம், அதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் அவள் உத்தரவுப்படி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கேள்வியோடு படித்து வருகிறேன், தொண்டை கட்டிப்போய் வெந்நீரும் கையுமாகத் திரிகிறேன். இதைக் கேட்டிருக்கக் கூடாது பாவம் வயசானவர் என்கிறாள், இது நல்ல கேள்வி, எனக்கே தோணலை என்கிறாள், உன் கேள்வி ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுகிறாள், இதுவரைக்கும் நீ பாஸ்தான். அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு எங்கயாவது போட்டிருக்கா என்று கேட்டாள். பெரியவர் மனைவியைச் சொல்கிறாள். இல்லை என்றேன். அடுத்த புத்தகத்தை அந்த அம்மாகிட்டப் போய்ப் போடச் சொல்லுங்க, இவரைவிட அவங்ககிட்டதான் விஷயம் இருக்கும் என்றாள். இதை நீ யோசிக்கலாம், எனக்கென்னவோ சரியாகப் படுகிறது.

முந்தாநாள் துணி துவைக்கிற நாள். மெஷின் பிழிய ஆரம்பித்து நடக்கக் கிளம்பியது, உங்கம்மா ஏறி உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டு, இங்க வந்து நின்னு பாருங்க என்று கூப்பிட்டாள். போய் நீ நின்ற அதே கதவிடுக்கில் நின்றேன். சிரிப்பு வருதா, நிஜத்தைச் சொல்லுங்க என்றாள். இந்த மாதிரிக் கேள்விக்கு ஆம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. வருது, ஆனா உன்னைப் பார்த்து இல்ல, ஊர் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கறவன் பொண்டாட்டி இப்படி உட்கார்ந்திருக்காளே, அவனை நினைச்சா வருது என்றேன். உங்கம்மா ஆடிக்கொண்டே யோசித்தாள். அப்போ அவ உங்களைத்தானே எடுத்திருக்கணும், உங்க குரலை மட்டும் வெச்சு உங்களைத் தப்பிக்க விட்டுட்டு என்னை மாட்டிவிட்டுட்டா என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்றைக்கு டிவி முன்னால் சிரித்த சிரிப்பு இல்லை இது, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தது அது. இது அவளுக்காக அவள் சிரித்தது, உனக்கு இந்த வித்தியாசம் தெரியும், எனக்கே தெரிகிறதென்றால் பார்.

சிரிப்பு வந்த தெம்பில் நேற்று நான் சென்டரிலிருந்து புது ஸ்பிரிங்கும் நாலு ரப்பர் காலும் வாங்கிக்கொண்டு போய், இன்னைக்கோட இந்த ஆட்டம் சரி என்று சட்டையை மடித்துவிட்டு மெஷினைச் சாய்த்தேன். தொடாதீங்க என்றாள். ஏன் என்றேன். இத்தனை வருஷம் தொடாதவர் இன்னும் கொஞ்ச நாள் தொடாம இருந்தா குடி முழுகிடாது, அவ வர்ற வரைக்கும் இது நடக்கணும் என்றாள். அப்புறம் அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டு வந்ததை இங்கே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. நீ லீவு கிடைத்ததும் வர வேண்டும், காமிராவைக் கொண்டு வர வேண்டும். வந்ததும், எடுக்கலாமாம்மா என்று கேட்க வேண்டும். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்பாள், அதற்கு நீ முகத்தைத் தூக்கக் கூடாது. தலை வாரி நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டுதான் மெஷின் மேல் ஏறுவாள், துணி துவைக்கும்போது யார் நல்ல உடுப்புப் போடுவார்கள் என்று நீ கேட்கக் கூடாது. என்னைக் கட்டாயம் எடுக்க வேண்டும், ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்கிற மாதிரி, அதற்கு நடிப்பு ஒன்றும் தேவையில்லை என்றாள். அதெல்லாம் முடிந்த பிறகு அவள் இறங்கிவிடுவாள், நீ மெஷின் மேல் ஏறி உட்கார வேண்டும், காமிராவை அவள் பிடிப்பாள். எல்லாரும் பார்க்கட்டும், வம்சமே டிரைவர் வம்சம்னு தெரியட்டும் என்றாள். என் மெஷினுக்கு நானே கை வைக்கக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டது இதுதான் முதல் தடவை, இவ்வளவு சந்தோஷமாக நான் சும்மா இருந்ததே இல்லை.

கண்ணு, ஒரே ஒரு புத்திமதி. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது உங்கம்மா எடுத்தாலும் எடுப்பாள். எடுத்தால் மன்னிப்பு அது இது என்று முதல் வார்த்தையிலேயே ஆரம்பிக்காதே, அவள் கூச்சப்பட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள், நான் மழையா என்று கேட்டு வைத்துவிடுவேன், எல்லாம் வீணாகிவிடும். மெஷின் இப்போ எதுவரைக்கும் நடக்குதும்மா என்று கேள். மீதியை அவள் பேசுவாள், நீ கேட்டுக்கொண்டிரு, கேட்கத்தான் உனக்கு வருமே, புத்தகமே போட்டிருக்கிறாயே. பெரியவருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல், துண்டு விஷயத்தை மட்டும் சொல்லாதே, வயசானவர், மனசு கஷ்டப்படுவார். கண்ணுக்கு ஓய்வு கொடு, இருட்டில் அந்தக் காமிராவின் சின்னத் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதே. எடுத்த காரியம் எல்லாம் ஜெயமாகி, உடம்பும் மனசும் குறையில்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், அடுத்த அட்டையில் உன் முகம் இன்னும் கொஞ்சம் பெரிதாக வர வேண்டும் என்று உங்கம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். முதலாளி சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் சத்தம் கேட்கிறது, மூடியைத் திரும்ப மெஷினில் மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
இதுவரை குரலாக மட்டும் வந்துபோன,
இனிமேல் ஸ்பேனரோடு தெரியப்போகிற
உன் அப்பா